மொத்தம் 209 இருந்தும் ஜேஏஐஐபி ஃபெயில்: கணக்குப் பேப்பரை மட்டும் திரும்ப எழுதினால் போதும்

வங்கி ஊழியர்களுக்கான ஜேஏஐஐபி தேர்வின் நான்கு பேப்பரிலும் சேர்த்து 209, அதாவது 50 சதவீதத்துக்கு மேல் எடுத்தும் ஃபெயில் என்று வந்திருக்கிறதே, ரிசல்ட் தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். ரிசல்ட்டில் தவறு இல்லை. மே மாதம் ஒரு பேப்பரில் 61, நவம்பரில் மற்ற மூன்றில் 52, 50, 46 என்கிறீர்கள். 46 வாங்கிய கணக்குப் பேப்பரை மட்டும் மறுபடி எழுத வேண்டும். மற்ற மூன்றும் பாஸாகவே நிற்கும்.

நீங்கள் நம்பியது "ஒவ்வொன்றிலும் 45, மொத்தத்தில் 50 சதவீதம்" என்ற சலுகையை. அது நான்கு பேப்பரையும் ஒரே தடவையில் எழுதியவர்களுக்கு மட்டும்தான். இரண்டு தடவையாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றிலும் தனியாக 50 வேண்டும். எங்கள் கிளையிலும் ஒருவர் இதே மாதிரி கூட்டிப் பார்த்து ஸ்வீட் வரைக்கும் வாங்கிவிட்டார், பாவம்.

இந்தத் தேர்வை நடத்தும் ஐஐபிஎஃப் நிறுவனத்தின் தளத்தில் இரண்டு தேர்வின் மதிப்பெண் பட்டியலையும் இறக்கி, 61 வாங்கிய பேப்பர் தேர்ச்சி என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகாமல் இருந்தால்தான் புகார் எழுத விஷயம் உண்டு.

ஒன்று மட்டும்: நான்கையும் பாஸ் செய்ய மூன்று வருடம் அல்லது ஐந்து முயற்சி, எது முதலில் முடிகிறதோ அதுதான் எல்லை. தாண்டினால் பாஸான பேப்பர்களும் போய்விடும். அதனால் அடுத்த தேர்வைத் தள்ளிப்போடாதீர்கள், மார்ச் கணக்கு முடிப்பு வேலை கழுத்தை நெரித்தாலும்.

அப்புறம், நெகட்டிவ் மார்க் கிடையாது. வராத கணக்கையும் வெறுமனே விடாமல் ஏதாவது ஒன்றைத் தட்டிவிட்டு வாருங்கள். உங்களுக்குக் குறைவது நாலே மார்க்.