அப்ரூவ் கொடுத்த பிறகு வந்த புது கமிட்

கிட்ஹப்பில் (கோடைச் சேமித்துப் பகிரும் தளம்) சக புரோகிராமர் அனுப்பிய கோடு மாற்றத்துக்கு, டெஸ்ட் எல்லாம் பாஸ் என்றதும் அப்ரூவ் கொடுத்துவிட்டேன், அப்புறம் அவர் இன்னொரு கமிட்டை (கோடில் செய்த மாற்றத்தின் பதிவு) புஷ் செய்தும், அதாவது தளத்தில் ஏற்றியும், என் ஒப்புதல் அப்படியே நிற்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். கிட்ஹப் இயல்பிலேயே அப்படித்தான். பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை) பாதுகாப்பு விதிகளில், புது கமிட் வந்தால் பழைய ஒப்புதலை நீக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது, அதை ரெப்போ (கோடு இருக்கும் களஞ்சியம்) அட்மினிடம் சொல்லி உடனே போடச் சொல்லுங்கள். அந்த மாற்றம் இன்னும் மெர்ஜ் ஆகவில்லை, அதாவது முதன்மைக் கோடில் சேரவில்லை என்றால் இப்போதே 'ரிக்வெஸ்ட் சேஞ்சஸ்' (திருத்தம் கேட்கும் தேர்வு) கொடுங்கள், பழைய அப்ரூவலுக்குப் பதிலாக அதுதான் கணக்கில் வரும்.

இன்னொன்று, டெஸ்ட் பாஸ் என்று காட்டும் பச்சை டிக் மட்டும் போதாது. அவருடைய பிராஞ்சை உங்கள் கணினியில் இறக்கி, அவர் திருத்திய வரியை மட்டும் பழையபடி மாற்றி டெஸ்டை ஓட்டுங்கள். அப்போதும் பாஸ் ஆனால் அந்த டெஸ்ட் அவர் செய்த திருத்தத்தைச் சோதிக்கவில்லை, அப்ரூவ் செய்யாதீர்கள்.