மூச்சுக்கருவியும் தம்பியின் வாழ்க்கையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தம்பிக்கு டுஷேன் தசைச்சிதைவு நோய்; தசைகள் படிப்படியாக வலுவிழந்துகொண்டே போகும். வயது 19. சிறுவயதிலிருந்தே சக்கர நாற்காலியில் இருக்கிறான். இரவில் முகமூடி வழியாக மூச்சுக்கருவி பொருத்தலாம் என்கிறார் மருத்துவர். ‘இப்படியொரு வாழ்க்கையை நீட்டித்து அவனுக்கு என்ன பயன்?’ என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உறவினர்கள் அன்பினால்தான் கேட்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது, நடமாடப் பழகிய ஒருவர் தன்னை அந்த நாற்காலியில் வைத்துக் கற்பனை செய்துபார்த்துக் கேட்கும் கேள்வி. அதிலேயே வளர்ந்தவரின் கேள்வி அதுவாக இருக்க வேண்டியதில்லை. ஜான் பாக் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சுக்கருவியின் துணையோடு வாழும் டுஷேன் நோயாளிகளிடமே கேட்டார்கள். பெரும்பாலோர் தம் வாழ்க்கை நிறைவாக இருப்பதாகச் சொன்னார்கள். மருத்துவப் பணியாளர்களோ அந்த நிறைவை வெகுவாகக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். இந்த இடைவெளி எனக்குக் கவலை தருகிறது; ஏனெனில் கருவியைப் பற்றி நோயாளியிடம் பேசுவதா, பேச்சையே எடுக்காமல் விடுவதா என்பதைப் பல நேரங்களில் அந்தத் தவறான மதிப்பீடே தீர்மானித்துவிடுகிறது.

வாழ்க்கைத்தரத்தை அளக்கும் அளவுகோல்களிலும் சிக்கல் உண்டு. பரவலாகப் பயன்படும் எஸ்எஃப்-36 வினாத்தாள், படியேற முடிகிறதா, நடக்க முடிகிறதா என்றெல்லாம் கேட்கிறது. உங்கள் தம்பி அங்கே மதிப்பெண் இழப்பார். அதனால் அவருடைய நாள் மோசமாகப் போனது என்று ஆகிவிடாது. சோர்வு, வலி, உறவுகள், பிறரைச் சாராமை ஆகியவற்றைக் கேட்கும் தனி வினாத்தாள் ஒன்று நரம்புத்தசை நோயாளிகளுக்கென்றே 2007இல் வந்தது.

கருவி ஆயுளை நீட்டுவது உண்மைதான். முன்பு இருபது வயதை ஒட்டி முடிந்துபோன வாழ்க்கை, இன்று பலருக்கு முப்பதுகளைத் தாண்டுகிறது. ஆனால் அதன் பயன் அடுத்த நாள் காலையிலேயே தொடங்கக்கூடும் என்பதை உங்கள் உறவினர்களுக்குச் சொல்லுங்கள். மூச்சுத் தசைகள் தளரும்போது, உறக்கத்தில் கரியமில வாயு முழுமையாக வெளியேறாமல் இரத்தத்தில் சேர்கிறது. விடியும்போது தலைவலி, சாப்பாட்டில் நாட்டமின்மை, பகலெல்லாம் தூக்கக் கலக்கம், கவனச் சிதறல் ஆகியவை வரும். வீட்டில் இருப்பவர்கள் இதைப் பார்த்து ‘அவனுக்கு எதிலும் பிடிப்பில்லை’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். காரணம் மனத்தில் இல்லாமல் மூச்சில் இருக்கலாம்.

இரவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தானாகப் புரண்டு படுக்க முடியாதவருக்கு, ஒரே பக்கமாகக் கிடந்து இடுப்பு வலிக்கும்போது யாரையாவது கூப்பிட்டாக வேண்டும். ‘அம்மா இப்போதுதானே கண்ணயர்ந்தார்’ என்று வலியைப் பொறுத்துக்கொண்டு விழித்தே கிடக்கும் பிள்ளைகள் உண்டு. இரவுப் பணியை இரண்டு மூன்று பேர் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டால் அந்தத் தயக்கம் குறையும். அது மருந்துச்சீட்டில் வராத சிகிச்சை.

கருவிக்கும் தொல்லைகள் உண்டு: முகமூடி அழுத்தி மூக்குத்தண்டு புண்ணாகலாம், காற்றுக் கசியலாம், பழகச் சில வாரங்கள் பிடிக்கலாம். அது நோயையும் நிறுத்தாது. எல்லோரும் அதை ஏற்பதுமில்லை, அதுவும் மதிக்க வேண்டிய முடிவே. ஆகவே உறக்கத்தின்போது கரியமில வாயுவின் அளவைப் பார்க்கும் பரிசோதனை செய்தாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதன் முடிவை முதலில் தம்பியிடம் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் எல்லோருடைய கருத்தும் இருக்கிறது, அவருடையது மட்டும் இல்லை. உறவினர்கள் யாரும் அருகில் இல்லாத நேரத்தில் அவரிடமே கேளுங்கள்.