இணையக் கேள்வித்தாளில் 14 மதிப்பெண்: அடுத்து என்ன?

கேள்வி: ஒரு மாதமாக எதிலும் பிடிப்பில்லை. விடியுமுன்பே விழிப்பு வந்துவிடுகிறது. இணையத்தில் பி.எச்.க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளை நிரப்பிப் பார்த்ததில் 14 வந்தது. இது மனச்சோர்வுதானா? இணையத்திலேயே சிகிச்சையும் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: முதலில் ஒன்பதாவது கேள்விக்கு என்ன பதில் போட்டீர்கள் என்று பாருங்கள். செத்துப்போகலாம், உடலைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பது அந்தக் கேள்வி. அதில் 0 தவிர வேறு எது இருந்தாலும் மொத்தத்தைப் பார்க்க வேண்டாம். இன்றே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எண்ணம் வலுத்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இனி 14-க்கு வருவோம். ஒன்பது கேள்விகளுக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27-இல் 10 முதல் 14 வரை 'மிதமான' நிலை. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் விசாரிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். நோய் உறுதி என்பதல்ல. தூக்கம், களைப்பு, பசி, கவனம் ஆகிய நான்கு கேள்விகள் மட்டுமே சேர்ந்து 12 வரை கொடுத்துவிடும். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே தொல்லைகளைத் தரக்கூடியவை. அதனால் முதல் இரண்டு கேள்விகளுக்குத்தான் எடை அதிகம்: ஆர்வமின்மை, மனம் சோர்ந்திருப்பது. இரண்டில் ஒன்றாவது 2 அல்லது 3 இல்லையென்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். இன்றைய மனநிலையை வைத்து நிரப்பிவிடுவதும் வழக்கமான தவறு. கேட்கப்படுவது கடந்த இரண்டு வாரம்.

இந்தக் கேள்வித்தாள் கேட்காத ஒன்றும் உண்டு. முன்பு எப்போதாவது, சில நாள் சரியாகத் தூங்காமலேயே அளவுகடந்த உற்சாகம், படபடவென்ற பேச்சு, கண்மண் தெரியாத செலவு என்று இருந்ததா? இருந்தால், அளவுகடந்த உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை மனநோயாக இருக்கலாம். அந்நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் நிலைமை எதிர்த்திசையில் எகிறக்கூடும். இணையத்தில் மாத்திரையைத் தேடி, தானே வாங்கி விழுங்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

சிகிச்சையில் இணையம் உண்மையாகவே பயன்படும் இடம், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைப் பாடங்கள்; அதாவது, சோர்வூட்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பயிற்சிகள். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவான 'மூட்ஜிம்' என்ற இணையப் பாடம் 2001-லேயே வந்துவிட்டது. மிதமான நிலை வரைக்கும் இப்படிப்பட்டவை உதவும். தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் கறாராகக் கேளுங்கள்: நான் எழுதும் பயிற்சியைப் பயிற்சி பெற்ற ஒருவர் வாராவாரம் படித்துப் பதில் சொல்வாரா? ஆள் துணை இல்லாத பாடங்களைப் பெரும்பாலோர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். சோர்வில் இருப்பவருக்குத் தானே தொடங்குவதுதானே கஷ்டம்! எந்நேரமும் பதில் சொல்லும் உரையாடல் செயலிகளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கேள்வித்தாளை மறுபடி நிரப்புங்கள், தினமும் வேண்டாம். 5 மதிப்பெண் குறைந்தால் நல்ல முன்னேற்றம். ஆறு வாரமாகியும் குறையவில்லை என்றாலோ, ஏறினாலோ, பாடத்தை மட்டும் நம்பியிருக்காமல் மனநல மருத்துவரிடம் அடுத்த கட்டத்தைப் பேசுங்கள்.

உங்களுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டதால், பாடத்தைத் தொடங்கும்போதே ஒருமுறை மருத்துவரையும் பார்த்துவிடுவது நல்லது. காணொளியில் பேசினாலும் சரி, ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் நேரில் போக வேண்டியிருக்கும். ஒரு வாரத் தூக்க நேரம், ஸ்டீராய்டு உட்பட இப்போது சாப்பிடும் மருந்துகள், மது அளவு ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். '14' என்ற எண்ணை மட்டும் சொல்லாமல், ஒன்பது பதில்களையும் தனித்தனியாக மருத்துவருக்கு அனுப்புங்கள்.