தொடர் பார்த்தால் மூளை மழுங்குமா? கொழிஞ்சாம்பாறை மாஷின் பதில்கள்

(மாஷ் என்றால் மலையாளத்தில் ஆசிரியர். தமிழ்வழிப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர். தமிழ்நாடு–கேரள எல்லை ஊர்களுக்கான ‘எல்லைப்பக்கம்’ உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். கேட்டவரின் ஊர் முன்னால் இருக்கிறது.)

வேலந்தாவளம்: மாஷே, டிவி பார்த்தா புள்ளைங்க மக்காயிரும்னு மாமியார் திட்டறாங்க. நெசங்களா?

பதில்: எந்த வீட்டில் என்பதைப் பொறுத்ததுங்க. அமெரிக்காவில் 1940, 50களில் டிவி ஒவ்வோர் ஊருக்கும் வெவ்வேறு ஆண்டில் வந்தது. அந்த இடைவெளியை வைத்து ஜென்ட்ஸ்கோ, ஷபீரோ என்ற பொருளியலாளர்கள் 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சின்ன வயதில் டிவி பார்த்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் தேர்வு மதிப்பெண் குறையவில்லை, துளி கூடியே இருந்தது. வீட்டில் ஆங்கிலம் பேசாத, தாய் அதிகம் படிக்காத குடும்பங்களில் பலன் அதிகம். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம் என்று வளரும் நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்க.

நார்வேயில் நேர் எதிர். கேபிள் வந்தபின் பையன்களின் அறிவுத்தேர்வு மதிப்பெண் இறங்கியது. வாசிக்கிற நேரத்தை டிவி பிடுங்கிக்கொண்டது என்பதே ஆய்வாளர்கள் காட்டும் காரணம். உங்கள் வீட்டில் டிவி ஓடும் நேரத்தில் முன்பு என்ன நடந்தது? மாமியார் கதை சொன்னாரென்றால் அவர் திட்டுவது நியாயம்.

கோபாலபுரம்: ஒன்றரை வயசுக் குழந்தைக்கு போன்ல பாட்டுப் போட்டாத்தான் சோறு எறங்குது.

பதில்: நிறுத்துங்க. இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். போனைக் காட்டிச் சோறு ஊட்டாதீங்க.

பாலக்காடு சித்தூர்: மலையாளப் படம் பாத்துத்தான் மலையாளிங்க புத்திசாலி ஆனாங்கன்னு காலேஜ்ல தினம் சண்டை.

பதில்: தலைகீழ் வாதம். 1945இல் கேரள நூலக இயக்க முன்னோடி பி.என். பணிக்கர் நூலகங்களை ஒன்றுசேர்த்துச் சங்கம் கண்டார். ஊருக்கு ஊர் வாசகசாலை வந்தது. வாசித்துப் பழகியவர்கள் படத்திடமும் அதிகம் எதிர்பார்த்தார்கள்.

பொள்ளாச்சி: அப்ப நம்ம தமிழ்ச் சனம் வாசிக்காத சனமா? மாஷ் அந்தப் பக்கம் சாஞ்சுட்டாரு!

பதில்: யார் பக்கமும் இல்லைங்க. தமிழ்நாடு உள்படச் சில மாநிலக் கிராமங்களை ஜென்சன், ஆஸ்டர் என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2009இல் எழுதியது உங்களுக்கு உதவும். கேபிள் வந்தபின், கணவன் அடிப்பது சரி என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்பதும் குறைந்தது. அந்தக் கேபிளில் தொடர்களுக்குப் பெரிய பங்கு. தொடர் பார்க்கும் பெண்களைக் கேலி செய்வது எனக்குப் பிடிக்காது.

சித்தூர்: அப்ப எந்த மொழிப் படம் ஒசத்தி?

பதில்: அது என் பாடமல்ல.

கொழிஞ்சாம்பாறை: டிவி நல்லதா, கெட்டதா?

பதில்: முதல் பதிலைப் படிங்க.

வண்ணாமடை: பையனுக்குக் கண்ணாடி பவர் ஏறுது, டிவியாலயா?

பதில்: கண் டாக்டரிடம் காட்டுங்க.

மீனாட்சிபுரம்: சாப்பிடறப்ப மட்டும் போன் குடுக்கலாங்களா?

பதில்: கூடாது. கோபாலபுரத்துக்குச் சொன்னதேதான்.

எருத்தேம்பதி: எம்பொண்ணு மலையாளம் பேசுவா, எழுத்துக் கூட்ட வரலை. படம் உதவுமா?

பதில்: நல்ல கேள்வி! மலையாளப் பாட்டை, திரையடியில் அதன் வரிகள் மலையாள எழுத்திலேயே ஓடும்படி போடுங்க, தமிழ் எழுத்து வேண்டாம். அகமதாபாத் ஐ.ஐ.எம். மேலாண்மைக் கல்லூரியில் பணியாற்றிய ஆய்வாளர் பிரிஜ் கோத்தாரி 1996 முதல் வலியுறுத்தும் வழி இது. தூர்தர்ஷனில் இந்திப் பாட்டுக்கு இந்தி எழுத்து ஓடவிட்டார்கள், தட்டுத்தடுமாறிப் படித்தவர்கள் முன்னேறினார்கள். தெரிந்த பாட்டாக இருக்கட்டும், கூடவே பாடச் சொல்லுங்க.