எலுமிச்சை மரத்தின் போர்வை எதைத் தொட வேண்டும்?

கேள்வி: அமெரிக்காவின் ஹூஸ்டனில் வசிக்கிறோம். தோட்டத்தில் நான்கு வயதான மேயர் எலுமிச்சை ஒன்று உள்ளது. சென்ற குளிர்காலத்தில் உறைபனி வந்த இரவு படுக்கை விரிப்பால் மூடி, காற்றில் பறக்காதபடி அடிமரத்தோடு சேர்த்துக் கட்டினோம். ஆனாலும் கிளைகளில் பாதி கருகிவிட்டன. இந்த ஆண்டு எப்படிப் பாதுகாப்பது?

பதில்: போர்த்தியதில் தவறில்லை, கட்டிய இடம்தான் தவறு. போர்வை தானாகச் சூடு தருவதில்லை. பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்ட மண், இரவில் அதைச் சிறுகச் சிறுக வெளிவிடுகிறது. அந்த வெப்பம் வானத்துக்குப் போய்விடாமல் மரத்தைச் சுற்றித் தேக்கி வைப்பதே போர்வையின் வேலை. அடிமரத்தில் கட்டிவிட்டால் மண்ணின் வெப்பம் உள்ளே வர வழியில்லை. ஆகவே, விரிப்பைக் கூடாரம்போல நாலாபுறமும் தரை வரை இறக்கி, ஓரங்களில் செங்கல் வையுங்கள். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும் என்பதால் துணியே நல்லது. காலையில் வெயில் ஏறியதும் விலக்கிவிடுங்கள்.

முதல் நாளே மண்ணை நன்றாக நனைத்துவிடுங்கள். ஈர மண் உலர்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தைச் சேமிக்கும். வைக்கோல், மரத்தூள் மூடாக்கு இருந்தால் அந்த இரவுகளுக்கு மட்டும் ஒதுக்கிவிடுவது மேல். கேட்க விந்தையாக இருக்கும், ஆனால் மூடாக்கு மண்ணின் வெப்பத்தை மேலே விடாது.

காற்றில்லாத, தெளிந்த வானத்து உறைபனிக்கு இவ்வளவு போதும். 2021 பிப்ரவரியில் உங்கள் ஊர் வெப்பநிலை -10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கியதே, அத்தகைய வாடைக்கு எந்தப் போர்வையும் நிற்காது. மேயர் எலுமிச்சை தாங்குவது ஏறக்குறைய -5 டிகிரி வரைதான். அப்போது கிளைகளை விட்டுவிட்டு, ஒட்டுப்பகுதியை, அதாவது வேருக்காக வைத்த வேறு செடியின் (வேர்ச்செடி) மேல் எலுமிச்சையை ஒட்டுக்கட்டிய இடத்தை, காப்பாற்றப் பாருங்கள். டிசம்பர் தொடக்கத்திலேயே சருகு கலக்காத சுத்தமான மண்ணை, ஒட்டுக்கு மேல் ஓர் அடி உயரம் வரை அடிமரத்தைச் சுற்றி அணைத்து வையுங்கள். குளிர் முடிந்ததும் அதை மறக்காமல் எடுக்க வேண்டும்; இல்லையேல் பட்டை அழுகும்.

கோடை முடிவுக்குப் பின் தழைச்சத்து உரம் வேண்டாம். இளந்துளிர்தான் முதலில் கருகும்.

உறைபனி அடித்த மறுநாளே கத்தரியை எடுக்காதீர்கள். காய்ந்த இலை உதிராமல் கிளையிலேயே தொங்கினால் பெரும்பாலும் அந்தக் கிளை செத்துவிட்டது. இலை உதிர்ந்திருந்தால் கிளையில் உயிர் இருக்கிறது. நகத்தால் பட்டையைக் கீறி, உள்ளே பச்சை தெரிகிறதா என்றும் பார்க்கலாம். வசந்தத்தில் துளிர் எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிந்த பிறகே கவாத்து செய்யுங்கள். ஒட்டுக்குக் கீழிருந்து வில்வத்தைப் போல மூன்று மூன்றாக இலை விட்டுத் தளிர் வந்தால், அது எலுமிச்சையன்று, வேர்ச்செடி, உடனே கிள்ளிவிடுங்கள்.