ஊரடங்கு நாளில் முதியோர் இல்லத்து அடுப்பு: கேள்வி-பதில்

நாற்பது பேர் தங்கியிருக்கும் முதியோர் இல்லம் எங்களுடையது. மறுபடி ஊரடங்கு வந்தால் எவ்வளவு சரக்கு கையிருப்பில் வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு. ஆளுக்கு நாளொன்றுக்கு 250 கிராம் அரிசி, 60 கிராம் பருப்பு என்று வைத்துக்கொண்டால், 140 கிலோ அரிசி, 34 கிலோ பருப்பு. இருபத்தைந்து கிலோ சிப்பம் ஆறு வாங்கினால் அரிசிக் கவலை தீர்ந்தது. 2020-ல் பெரம்பூரில் ஓர் இல்லத்தின் சமையலறை என் பொறுப்பில் இருந்தது. அரிசி ஒருநாளும் தட்டவில்லை, காய்கறிதான் தட்டியது. மே 5-ஆம் தேதி கோயம்பேடு சந்தையை மூடியபின், திருமழிசையில் வியாபாரம் தொடங்கும்வரை சேனை, பூசணி, மணத்தக்காளி வற்றல் என்றுதான் பொழுது போனது. ஆகவே கெடாத காய்களையும் பால் பவுடரையும் ஒரு உபரி சிலிண்டரையும் மறக்காதீர்கள்.

கையிருப்பின் பயன் வேறொன்றும் உண்டு. ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் சென்னையில் மளிகைக் கடைகளும் மூடின. முந்தின நாள் கடைவாசலில் மொய்த்த கூட்டத்துக்குள் எங்கள் ஆள் யாரையும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

பிறந்தநாள், திதி என்று வெளியில் சமைத்த சாப்பாடு கொண்டுவருகிறார்கள். மறுக்க மனம் வரவில்லை.

தொற்றுக்காலத்தில் மறுத்துவிடுங்கள். சோற்றின் வழியே கொரோனா பரவும் என்பதல்ல என் பயம். காலை எட்டு மணிக்குக் கட்டிய சாம்பார் சாதப் பொட்டலம் மதியம் ஒரு மணிக்கு வந்தால் வயிற்றுப்போக்கு நிச்சயம் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். எண்பது வயது உடம்பு அதைத் தாங்காது. பரிமாற வருகிறவர்களின் கூட்டம் வேறு. அதற்குப் பதிலாக மளிகையாகக் கேளுங்கள். ஒரு பெரியவர் என்னிடம் கோபித்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து ஒரு சிப்பம் பச்சரிசியை வாசலில் இறக்கிவிட்டு, "இதையாவது வாங்குவீர்களா?" என்றார்.

காய்கறியைச் சோப்புப் போட்டுக் கழுவலாமா?

கூடாது. ஓடும் தண்ணீர் போதும். சோப்பு கைக்கு.

சமையல்காரருக்கே தொற்று வந்தால்?

இதைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள், முதலில் கேட்க வேண்டியது இதுதான். எங்கள் சமையல்காரம்மாவுக்குக் காய்ச்சல் வந்த அன்று, நாற்பது பேர் ரசத்துக்கு எவ்வளவு புளி என்று சொல்ல ஆளில்லை. அளவெல்லாம் அந்த அம்மாவின் கையில் இருந்தது. யாருக்குக் குழைந்த சாதம், யாருக்கு உப்புக் குறைவு, யார் மாத்திரைக்கு முன் சாப்பிட வேண்டும் என்பதும்கூட அவருக்குத்தான் தெரியும். இன்றே கேட்டு எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சமையல் ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணி இல்லத்திலேயே தங்கட்டும். மற்ற அணி அவர்களைச் சந்திக்கவே கூடாது. பஸ் நின்றுபோனாலும் அடுப்பு எரியும்.

தொற்று வந்து தேறியவர், ருசியே தெரியவில்லை என்று தட்டைத் தள்ளுகிறார்.

கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தாறு வேளையாகக் கொடுங்கள். எலுமிச்சை, இஞ்சி, மோர் உதவும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் எடை குறையும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.