கயிற்றில் கல்லைக் கட்டி அளந்தீர்களா?

கேள்வி: எங்களுக்கு மூன்றரை ஏக்கர் தோட்டம். 70 அடிக் கிணற்றில் தண்ணீர் இப்போது 45 அடியில் நிற்கிறது. கரண்ட் வரும்போது 5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டாரை ஓட்டிப் பண்ணைக்குட்டையை நிரப்பி வைக்கிறோம். குட்டையிலிருந்து மேட்டுக்காடு 300 அடி தூரம், 20 அடி உயரம். வீட்டில் 18 எச்.பி. மினி டிராக்டர் இருக்கிறது. அதன் பி.டி.ஓ.வில் (டிராக்டரின் பின்னால் சுற்றும் தண்டு) மாட்டுகிற 3 இஞ்சு பம்பு ஒன்று கிணற்றுக்கும் குட்டைக்கும் ஆகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா அண்ணா?
– ஒரு வாசகர், ஊத்துக்குளி

பதில்: குட்டைக்கு வாங்குங்கள் தம்பி. கிணற்றுக்கு என்றால் பணத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கரைமேல் நிற்கும் பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் பம்பு குழாய்க்குள் காற்றைக் குறைக்கிறது, வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்தக் காற்றுக்கு இருக்கிற மொத்த பலமே சுமார் 34 அடிதான். குழாய் உரசல், வளைவு, குழாய் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் புட்வால்வு எல்லாம் தின்றதுபோகக் கையில் நிற்பது 20, 22 அடி. எல்லாம் புதுசாக, ஒழுக்கில்லாமல் இருந்தால் 25. டிராக்டர் 18 எச்.பி. ஆனாலும் 50 எச்.பி. ஆனாலும் இதில் ஓர் அடிகூட அதிகமாகாது. உங்கள் தண்ணீர் 45 அடியில் இருக்கிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டறை போட்ட புதிதில், என் மச்சான் தோட்டத்துக்கு நானே ஒரு பம்பு மாட்டிக் கொடுத்தேன். தண்ணீர் 28 அடியில் இருந்தது. ‘மூன்றடிதானே, இழுத்துவிடும்’ என்று பந்தாவாகச் சொன்னேன். காலையிலிருந்து குடம் குடமாகப் பம்பில் தண்ணீர் ஊற்றினோம். ஏதோ கொஞ்சம் வந்தது, ஆனால் பம்புக்குள் சரளைக்கல்லை அள்ளிப் போட்டது மாதிரி கலகலவென்று ஒரே சத்தம். அப்படியே இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறார். அப்புறம் கழற்றிப் பார்த்தால் உள்ளே சுற்றும் சக்கரமான இம்பெல்லர் முழுக்க அம்மைத் தழும்பு! அதன் விலையை நான்தான் கொடுத்தேன். மச்சான் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

அதனால் யார் பம்பு கேட்டு வந்தாலும் நான் முதலில் கேட்பது, கயிற்றில் கல்லைக் கட்டி அளந்தீர்களா என்பதுதான். ஐப்பசியில் அளந்தால் போதாது, சித்திரையில் அளக்க வேண்டும். தண்ணீரிலிருந்து பம்பு உட்காரும் இடம் வரைக்கும் நேர் உயரம்.

கிணற்றுக்கு டிராக்டரால் வேறு வழி இல்லையா என்பீர்கள். பி.டி.ஓ.வில் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரை மாட்டி, அந்தக் கரண்டில் நீர்மூழ்கி மோட்டாரை ஓட்டலாம். ஆனால் 5 எச்.பி. மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் கேட்கும். அதைத் தாங்கும் அளவுக்கு ஆல்டர்னேட்டர் போட்டால் உங்கள் 18 எச்.பி. வண்டி திணறும். 3 எச்.பி. மோட்டார் என்றால் யோசிக்கலாம். அப்படிப் போட்டாலும், லைன் கரண்டும் உங்கள் கரண்டும் ஒன்றுசேராமல் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் போடாதீர்கள். உங்கள் கரண்ட் திரும்பி லைனில் ஏறினால், கம்பத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் லைன்மேன் உயிர் போகும்.

சரி, குட்டைக்கு வருவோம். கரையில் டிராக்டரை நிறுத்தினால் தண்ணீர் 10 அடிக்குள் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அது சுலபமாக ஏறும். பம்பு வாங்கும்போது 3 இஞ்சு என்பதை மட்டும் பார்க்காமல் தகட்டைப் பாருங்கள். அதில் எத்தனை சுற்றுக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை அடி என்று போட்டிருக்கும். பி.டி.ஓ. சுற்றுவது நிமிடத்துக்கு 540. சாதாரணப் பம்புக்கு 1,500 அல்லது 2,900 சுற்று வேண்டும். நடுவில் கியர்பாக்ஸோ பெல்ட்-புல்லியோ இருந்தாக வேண்டும். சுற்று பாதியானால் தண்ணீர் பாதியாகும், ஏறும் உயரமோ கால்வாசியாகிவிடும். 80 அடி ஏற்றும் பம்பு 20 அடியில் நின்றுகொண்டு முழிக்கும். சுற்றும் திசையையும் கேட்டுக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ் சில சமயம் திசையை மாற்றிவிடும். பம்பு தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் வரும், அதுதான் வம்பு. பம்பே மட்டம் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

இப்போது கணக்கு. விநாடிக்கு 10 லிட்டர் போதும் உங்களுக்கு. உயரம் 10-ம் 20-ம் 30 அடி. 300 அடி தூரத்துக்கு 3 இஞ்சு பி.வி.சி. போட்டால் உரசலுக்குச் சுமார் 16 அடி சேரும், மொத்தம் 46 அடி. இதற்கு 5 எச்.பி.கூடத் தேவைப்படாது, டிராக்டர் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டும். பழைய இரண்டரை இஞ்சுக் குழாய் சாளையில் கிடக்கிறதே என்று அதைப் போட்டீர்களானால் உரசல் மட்டுமே 40 அடி. குழாயில் மிச்சம் பிடித்த காசு டீசலில் போய்விடும். 4 இஞ்சு போட்டால் உரசல் நாலைந்து அடிதான், ஆனால் இந்தத் தூரத்துக்கு அது தேவையில்லை.

ஒரு ஏக்கருக்கு 2 அங்குலம் தண்ணீர் கட்ட ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் ஆகும். மணிக்கு 36,000 லிட்டர் வந்தால் ஆறு மணி நேரம் பிடிக்கும். டீசல் மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் என்று என் கைக்கணக்கு. விவசாயத்துக்கு இலவசக் கரண்ட் இருக்கும் நம் ஊரில் இது தினப்படி வேலைக்குக் கட்டாது. கரண்ட் கைவிடும் நாளுக்கு, மஞ்சள் வாடும் நாளுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பி.டி.ஓ.வையும் பம்பையும் இணைக்கும் ஷாஃப்டுக்கு மேல்மூடி இல்லாமல் தருகிற கடையில் வாங்காதீர்கள். வேட்டி நுனி, துண்டு, அம்மணிகள் சேலைத் தலைப்பு, எது மாட்டினாலும் இழுத்துச் சுருட்டிவிடும். வண்டியை அணைத்துவிட்டுத்தான் பக்கத்தில் போக வேண்டும்.

கேள்வி: ஒவ்வொரு நாளும் பம்பில் தண்ணீர் ஊற்றித்தான் கிளப்ப வேண்டியிருக்கிறது. என்ன கோளாறு?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: புட்வால்வில் தென்னை நாரோ இலையோ சிக்கியிருக்கும், இல்லையென்றால் வாஷர் தேய்ந்திருக்கும். கழற்றி, நேராக நிறுத்தி மேலிருந்து தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், அடியில் ஒழுகினால் வாஷரை மாற்றுங்கள் அம்மணி. அதன் அடியில் ஒரு கம்பிக்கூடை கட்டிவிடுங்கள்.

கேள்வி: பம்பு ஷாஃப்டைச் சுற்றி ஒழுக்கை அடைக்கும் கிளாண்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருகிறது. நன்றாக இறுக்கிவிடட்டுமா?
– ஒரு வாசகர், அன்னூர்

பதில்: வேண்டாம். கிளாண்ட் கயிறு கருகாமல் இருப்பதே அந்தச் சொட்டால்தான். நூல் மாதிரி ஒழுக ஆரம்பித்தால் மட்டும் இரண்டு நட்டையும் சமமாகக் கால் திருகு திருகுங்கள்.